காரில் பறவை எச்சம்: செட்டிநாட்டுக் கார்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊருணிக் கரையில் ஆலும் அரசும், தெருவில் வேம்பும் புளியும், பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் மாடங்களில் புறாவும் இருக்கும் ஊர்கள் இவை. நிழல் தேடிக் காரை நிறுத்தினால் எச்சம் விழாமல் இருக்காது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கத்துக்காரர்கள் கார் கழுவும் இடத்திலும் பெயின்ட் பட்டறையிலும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை, அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறோம். ஒரு முறை விளக்கியதை மறுபடி விளக்காமல், அந்தக் கேள்வியின் எண்ணை மட்டும் குறித்திருக்கிறோம்.

1. "காக்கா எச்சம்தானே, ஞாயித்துக்கிழமை கழுவும்போது போயிடும்ல?"

எச்சம் போய்விடும். அது இருந்த இடத்தில் பளபளப்பு செத்துப்போன ஒரு வட்டம் நின்றுவிடும். அதுதான் பிரச்சினை.

பறவைக்குச் சிறுநீர் தனியாக வெளியேறாது. எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது யூரிக் அமிலமும் அதன் உப்புகளும். நடுவில் கறுப்பாகவோ பச்சையாகவோ இருப்பது மலம். அதில் செரிமான நொதிகள், பூச்சி ஓடு, பழ விதை, மணல் எல்லாம் கலந்திருக்கும். அமிலமும் நொதியும் பெயின்டின் மேல்பூச்சைத் தாக்கும். விதையும் மணலும், துடைக்கும்போது உப்புத்தாள் மாதிரி கீறும். ஒரு சிறு சொட்டுக்குள் இரண்டு விதமான கேடு இருக்கிறது.

2. "பெயின்ட் அவ்வளவு கெட்டியா இருக்கே, ஒரு குருவி எச்சம் அதை எப்படித் தின்னும்?"

நம் பக்கத்துப் பழைய வீட்டுச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச் சாந்து பல பூச்சாக ஏறி, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த மெல்லிய பூச்சுதான் அந்த வழவழப்பைத் தருகிறது. காரிலும் தகட்டின் மேல் துரு தடுக்கும் பூச்சு, பிரைமர், நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட் என்று வரிசையாக இருக்கிறது. பளபளப்பெல்லாம் அந்தக் கிளியர் கோட்டில்தான். அதன் கனம் பெரும்பாலான கார்களில் சுமார் 40 முதல் 50 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). தலைமுடி ஒன்றின் கனம் கூட அதைவிட அதிகம்.

அமிலத்தைவிட வெயிலைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். பங்குனி, சித்திரையில் நண்பகலில் அடர் நிறக் காரின் பானட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் கிளியர் கோட் விரிந்து சற்று இளகும். மேலே இருக்கும் எச்சம் காய்ந்து, சுருங்கி, இறுகும். சாயங்காலம் தகடு குளிரும்போது, இளகியிருந்த பூச்சு அந்த இறுகிய எச்சத்தின் மேடு பள்ளத்துக்கு ஏற்ற அச்சாக உறைந்துவிடும். எச்சத்தை எடுத்த பிறகும் அச்சு அங்கேயே இருக்கும். நீங்கள் மங்கலாகப் பார்ப்பது அந்த அச்சைத்தான்.

3. "எவ்வளவு நேரத்துக்குள்ள எடுத்தா தப்பிக்கலாம்?"

வெயில் காலத்தில், வெயிலில் நிற்கும் காரில், கண்ணில் பட்ட உடனே எடுங்கள். காலையில் விழுந்ததை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் தடம் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். நிழலில் நிற்கும் காரில், மார்கழிக் குளிரில் ஒரு நாள் தாங்கலாம். அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

ராத்திரி விழுந்ததைக் காலை எட்டு மணிக்கு முன் எடுத்துவிடுவது நல்ல பழக்கம். தகடு குளிர்ந்திருக்கும், பனியில் எச்சமும் கொஞ்சம் ஊறியிருக்கும், பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும்.

4. "கையில தண்ணி பாட்டில் மட்டும்தான் இருக்கு. எப்படி எடுக்கிறது?"

தண்ணீர் போதும். ஆனால் முறை முக்கியம். பட்டறைக்கு வரும் கீறல்களில் நிறைய, எச்சத்தைத் துணியால் அழுத்தித் துடைத்ததால் வந்தவை. ஊறவைத்துத் தூக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை இல்லை.

மைக்ரோஃபைபர் துணியை நாலாக மடித்துச் சொட்டச் சொட்ட நனையுங்கள். துணி இல்லையென்றால் நான்கைந்து டிஷ்யூ தாளை அடுக்கி நனைத்துக்கொள்ளலாம். அதை எச்சத்தின் மேல் போர்த்திவிட்டு நகருங்கள். புதிதாக விழுந்தது என்றால் இரண்டு நிமிடம், காய்ந்தது என்றால் ஐந்து முதல் பத்து நிமிடம். இடையில் துணி காய்ந்தால் மேலேயே தண்ணீர் விடுங்கள். யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது, அதனால்தான் இந்த அவகாசம் வேண்டும். பிறகு துணியின் ஓரத்தைப் பிடித்து, எச்சத்தை உள்ளே அள்ளிக்கொள்கிற மாதிரி மேல்நோக்கித் தூக்குங்கள். துணியைத் திருப்பி, சுத்தமான பக்கத்தால் மிச்சத்தை ஒரே திசையில், எடை கொடுக்காமல் வழித்தெடுங்கள். வட்டமாகத் தேய்க்கவே கூடாது. கடைசியில் அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, வேறொரு உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள்.

பானட் கொதித்துக்கொண்டிருந்தால், முதலில் நனைந்த துணியைப் போட்டுச் சூட்டை இறக்குங்கள். சுட்ட தகட்டில் நேராகத் தண்ணீர் ஊற்றினால் நொடியில் வற்றி, போர் தண்ணீரின் உப்பு வெள்ளை வளையமாக ஒட்டிக்கொள்ளும். அது தனித் தலைவலி. டிக்கியில் அரை லிட்டர் பாட்டில் ஒன்றும், நாலு மைக்ரோஃபைபர் துணியும், அழுக்குத் துணி போட ஒரு பிளாஸ்டிக் பையும் வைத்துக்கொண்டால் மூன்று நான்கு இடங்களைச் சமாளிக்கலாம்.

5. "காஞ்சு கல்லாட்டம் ஆயிருச்சு. நகத்தால சுரண்டிடவா?"

வேண்டாம். நகம், ஸ்கேல், ஏடிஎம் கார்டு, பாத்திரம் விளக்கும் நார் எதுவும் வேண்டாம். அரசம்பழமோ ஆலம்பழமோ தின்ற பறவையின் எச்சத்தில் கடுகு போன்ற விதைகள் நெருக்கமாக இருக்கும். சுரண்டும்போது ஒவ்வொரு விதையும் ஒரு கோடு போடும். நீங்கள் எச்சத்தைப் பார்த்துக்கொண்டு இழுப்பீர்கள். கோட்டைக் கழுவிய பிறகுதான் பார்ப்பீர்கள்.

4-இல் சொன்னதையே, கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் செய்யுங்கள். ஒரு லிட்டர் வெந்நீரில் ஐந்து மில்லி கார் ஷாம்பு போதும். துணி போட்டுப் பத்து நிமிடம், துணியை மாற்றி இன்னொரு பத்து நிமிடம். மூன்றாவது முறையும் தேவைப்பட்டால் போடுங்கள். பொறுமைக்குச் செலவு கிடையாது, பாலிஷுக்கு உண்டு.

காய்ந்த எச்சத்தைத் தூள் பறக்கச் சுரண்டுவது உடம்புக்கும் ஆகாது. புறா எச்சத் தூசி நுரையீரல் தொற்றைக் கொண்டுவரக்கூடும். நனைத்துவிட்டால் தூசி எழாது. நிறைய இருந்தால் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

6. "எங்க ஆயா புளி வச்சுத் தேய்க்கச் சொல்றாக, பித்தளையே பளிச்சுனு ஆகுதே. பண்ணலாமா?"

பித்தளைக்குப் புளி சரி. அதன் அமிலம் உலோகத்தின் மேல் படிந்த களிம்பைக் கரைக்கிறது. காரில் நம்மிடம் இருக்கும் தொல்லையே அமிலம். அதன் மேல் இன்னொரு அமிலத்தைப் புளிச்சக்கையின் நாரோடு சேர்த்துத் தேய்த்தால், மங்கலும் கீறலும் சேர்ந்து வரும். எலுமிச்சை, வினிகருக்கும் இதே பதில்தான்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் மூன்றும் எச்சத்தைக் கரைக்காது. பெயின்ட் மேல் இருக்கும் மெழுகைத்தான் கரைக்கும். தின்னர், பட்டறையில் திரும்பப் பூசிய பெயின்டையே இளக்கிவிடும். டூத் பேஸ்ட்டில் அரைக்கும் துகள் இருக்கிறது. அது தடத்தைச் சுற்றி வேறொரு மங்கலை உண்டாக்கும். சோடா உப்பு அமிலத்தைத் தணிக்கும் என்பது உண்மை. தணிக்க வேண்டுமென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி போட்டு, முழுக்கக் கரைந்த பிறகு துணியை நனைத்துப் போர்த்துங்கள், பிறகு நன்றாகக் கழுவிவிடுங்கள். கரையாத மாவைக் கையால் தேய்த்தால் அதுவும் கீறும். வெறும் தண்ணீரே அந்த வேலையைச் செய்துவிடுகிறது என்பதால், நாங்கள் இதைக் கட்டாயமாகச் சொல்வதில்லை.

7. "மழை பெய்யப்போகுது, அதுவே கழுவிடாதா?"

தூறல் எச்சத்தை ஊறவைத்துப் பரப்பும், அடித்துச் செல்லாது. அடுத்த வெயிலில் அந்தப் பரந்த இடம் முழுவதும் காயும். அடைமழை மேலாக இருப்பதைக் கொண்டுபோகும், அடியில் ஒட்டியதை விட்டுவிடும். மழை நின்றதும் 4-இன்படி எடுத்துவிடுங்கள். அப்போது எளிதாக வரும்.

முற்றத்தில் பிடித்து வைக்கும் மழைத்தண்ணீர் கார் கழுவ மிக நல்லது, உப்பு வளையம் விழாது. குடிக்கப் பிடித்தது போக மிச்சமிருந்தால் ஒரு வாளி காருக்குக் கொடுங்கள்.

8. "முன் கண்ணாடியில விழுந்தா வைப்பர் போட்டுடறேன். தப்பா?"

தப்புதான். எச்சம் கண்ணாடி முழுவதும் பூசிக்கொள்ளும். அதில் இருக்கும் மணல் வைப்பர் ரப்பரில் சிக்கி, அடுத்த மழையில் கண்ணாடியில் அரைவட்டமாகக் கோடு போடும். கண்ணாடியை அமிலம் ஒன்றும் செய்யாது, அவசரமில்லை. நிறுத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றி எடுங்கள்.

ஹெட்லைட் அப்படியல்ல. அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக், மேலே வெயில் தாங்கும் மெல்லிய பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சு போனால் மஞ்சளடிக்கத் தொடங்கும். கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் வெள்ளைத் திட்டாக நிற்பதை, ஷாம்புத் தண்ணீரில் நனைத்த பழைய மெல்லிய டூத் பிரஷால் எடுக்கலாம்.

9. "வாக்ஸ், சிராமிக், பி.பி.எஃப்.னு மூணு சொல்றாங்க. எச்சத்துக்கு எது சரி?"

மூன்றும் மூன்று தரம். வாக்ஸ் என்பது பெயின்ட் மேல் பூசும் மெழுகுப் படலம். எச்சம் நேராகக் கிளியர் கோட்டைத் தொடாமல் சில மணி நேரம் தள்ளிப்போடும், எடுக்கும்போது வழுக்கிக்கொண்டு வரும். நம் வெயிலில் அது ஒன்றரை, இரண்டு மாதம் நிற்கும். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்காமல் தட்டையாகப் படிகிறதென்றால் மெழுகு தீர்ந்துவிட்டது. செயற்கை சீலன்ட் என்று விற்பது இதைவிடச் சூடு தாங்கும், நான்கு முதல் ஆறு மாதம் வரும். வெளியில் நிறுத்துகிற காருக்கு, கையில் செய்துகொள்கிற வேலையாக, சீலன்டைத்தான் பரிந்துரைப்போம். ஒரு சிறிய காருக்கு 20 முதல் 30 மில்லி போதும். அதிகம் பூசினால் துடைத்து மாளாது, பாதுகாப்பும் கூடாது. பானட், கூரை, டிக்கி மூடி மூன்றுக்கும் முதலில் போடுங்கள். விழுவதெல்லாம் அங்கேதான், நேரமில்லை என்றால் கதவுகளை விட்டுவிடலாம்.

சிராமிக் பூச்சு இறுகிக் கண்ணாடிபோல் ஆகும் படலம், ஆனால் கனம் ஓரிரு மைக்ரான்தான். அமிலத்தை வாக்ஸைவிட நன்றாகத் தாங்கும், ஆண்டுக்கணக்கில் நிற்கும். பி.பி.எஃப். என்பது 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள ஒளிபுகும் பாலியூரித்தேன் படம். எச்சம் கெடுத்தாலும் படத்தைத்தான் கெடுக்கும், அடியில் பெயின்ட் அப்படியே இருக்கும். விலை அதிகம். கார் முழுக்க ஒட்ட முடியாதவர்கள் பானட்டுக்கும் கூரைக்கும் மட்டும் ஒட்டிக்கொள்ளலாம். அது அரைகுறை வேலையாகாது, கணக்கான வேலைதான்.

10. "காசு கொடுத்து சிராமிக் போட்டேன், அப்பவும் தடம் விழுந்துருச்சு. ஏமாத்திட்டாங்களா?"

அப்படிச் சொல்லிவிட முடியாது. 9-இல் சொன்ன ஓரிரு மைக்ரானை நினைத்துப் பாருங்கள். அது நேரம் வாங்கிக்கொடுக்கும், முழுக் காவலாக நிற்காது. சித்திரை வெயிலில் இரண்டு நாள் எச்சத்தோடு நின்றால் சிராமிக்கிலும் அச்சு விழும். பல சமயம் அந்த அச்சு சிராமிக் படலத்தோடு நின்றுவிடும். லேசான பாலிஷில் அந்த இடத்தை எடுத்து, மறுபடி ஒரு கை சிராமிக் தடவினால் சரியாகும்.

பூசியவரிடம் கேட்க வேண்டியது வேறு: பூசுவதற்கு முன் பழைய மெழுகை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கொண்டு துடைத்தார்களா, பூசிய பின் முதல் சில நாள் தண்ணீர் படாமல் இறுகவிட்டார்களா. இந்த இரண்டிலும் குறை இருந்தால் படலம் சரியாகப் பிடித்திருக்காது.

11. "கவர் போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்ல?"

கவர் போடும்போது கார் சுத்தமாக இருந்தால் சரி. தூசி படிந்த காரில் கவரைப் போட்டால், ஆடிக் காற்றில் அது அடித்து அடித்து மெல்லிய கீறல் வலையே விழுந்துவிடும். நம் பக்கத்துச் செம்மண் தூசியில் குவார்ட்ஸ் மணல் இருக்கிறது, அது கிளியர் கோட்டைவிடக் கடினம். அளவெடுத்துத் தைத்த, உள்பக்கம் மெத்தென்ற துணி வைத்த கவர் வாங்குங்கள். அடியில் நாடா போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.

மெல்லிய கவரில் எச்சம் ஊறி உள்ளே இறங்கும். மழைக்குப் பிறகு ஈரக் கவரை அப்படியே விட்டால் அடியில் வேர்த்து வெளிறிய திட்டு வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டதும் கவரை எடுத்துக் காயவிடுவது அவசியம். தார்ப்பாயும் பிளாஸ்டிக் தாளும் நேரடியாகப் பெயின்டில் படவே கூடாது.

12. "நாங்க சென்னையில இருக்கோம், ஊர்ல இருக்க கார் மாசக்கணக்கா நிக்குது. வந்து பார்த்தா மேலெல்லாம் புறா எச்சம். என்ன பண்றது?"

கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடுகளில் இது பெரிய தொல்லை. முகப்பில் கூரை இருக்கிறது என்று நம்பிக் காரை நிறுத்தியிருப்பார்கள். புறா கூரைக்கு உள்பக்கம், உத்திரத்திலும் தூண் தலைப்பிலும் உட்கார்ந்திருக்கும். கார் நிறுத்துவதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். தரையில் எச்சம் எங்கே வரிசையாக விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே, எந்த உத்திரம் என்று தெரிந்துவிடும். அந்த இடைவெளியை வலை கட்டி அடைப்பது நிலையான தீர்வு. கூட்டில் முட்டையோ குஞ்சோ இருந்தால், குஞ்சு பறந்த பிறகு கட்டுங்கள்.

விட்டுப்போகும் முன் காரைக் கழுவி, முழுதும் காயவிட்டு, சீலன்ட் பூசி, பிறகு கவர் போடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் வாரம் ஒரு முறை கவரின் மேல் தண்ணீர் ஊற்றி எச்சத்தைக் கழுவச் சொல்லுங்கள். பழைய எச்சத்தோடு நிற்கும் காருக்கு வந்தவுடன் பிரஷர் கன் பிடிக்கச் சொல்லாதீர்கள். முதலில் கார் முழுவதும் நனைத்த பழைய பருத்தித் துணிகளை, கிழிந்த வேட்டியே போதும், விரித்துப் போட்டு அரை மணி நேரம் ஈரம் காயாமல் வைத்திருங்கள். பிறகு லேசான அழுத்தத்தில் தண்ணீர், கடைசியாகத்தான் ஷாம்பு.

13. "என்னோடது வெள்ளைக் கார், ஒண்ணும் தெரியறதில்ல. எனக்கெல்லாம் இது தேவையா?"

வெள்ளை குறைவாகச் சூடேறும், அதனால் அச்சும் சற்று மெதுவாக விழும். தடம் கண்ணுக்குத் தெரியாதது வேறு, விழாதது வேறு. ராத்திரி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பானட்டைப் பாருங்கள், மங்கல் வட்டங்கள் தெரியும். ஆனி, ஆடியில் நாவல்பழம் தின்ற பறவையின் எச்சம் விடும் ஊதாக் கறை வெள்ளையில்தான் பளிச்சென்று தெரியும். அந்தக் கறை பெரும்பாலும் மேலாகவே நிற்கும், லேசான பாலிஷில் போகும்.

14. "வெயில்ல விட்டா பெயின்ட் போகுது, மரத்தடியில விட்டா எச்சம். எங்கதான் நிறுத்துறது?"

தரையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மரத்தடியில் வெள்ளைத் திட்டு இல்லையென்றால் நிறுத்தலாம். பழம் பழுத்திருக்கும் ஆலும் அரசும் கூடாது. காக்காயும் மைனாவும் இரவில் அடையும் மரத்தைச் சாயங்காலம் எழும் சத்தத்திலேயே தெரிந்துகொள்ளலாம். அந்த மரம் பகலில் பரவாயில்லை, இராத் தங்கலுக்கு ஆகாது. மின்கம்பிக்கு நேர் கீழேயும் வேண்டாம். வேப்ப மரத்தடியில் ஆனி மாதம் பழம் கொட்டும்போது எச்சமும் சேர்ந்து வரும், மற்ற மாதங்களில் தொல்லை குறைவு. வீட்டின் கிழக்குச் சுவரோரம் பிற்பகல் நிழல் விழும்; பறவையும் இல்லாத அந்த நிழல்தான் எங்கள் முதல் தேர்வு.

15. "தடம் விழுந்துருச்சு. பாலிஷ் போட்டா போகுமா, இல்ல பெயின்ட்தான் அடிக்கணுமா?"

ஆழத்தைப் பொறுத்தது. இடத்தைக் கழுவிக் காயவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நகத்தை மெல்லக் குறுக்கே நகர்த்துங்கள். ஒன்றும் தட்டுப்படாமல் மங்கல் மட்டும் இருந்தால் முதல் நிலை, கையாலேயே போகும். மெல்லிய விளிம்பு தட்டுப்பட்டால் இரண்டாம் நிலை, மிஷின் வேண்டும். காய்ந்த ஊருணித் தரை மாதிரி நுண்ணிய வெடிப்பு தெரிந்தாலோ, நிறமே மாறியிருந்தாலோ மூன்றாம் நிலை. அதற்குப் பாலிஷ் உதவாது, அந்தப் பாகத்துக்குக் கிளியர் கோட் புதிதாக அடிக்க வேண்டும்.

முதல் நிலைக்கு: நிழலில், குளிர்ந்த தகட்டில் வேலை செய்யுங்கள். பட்டாணி அளவு ஃபைன் பாலிஷை நுரைப் பஞ்சில் எடுத்து, உள்ளங்கை அகல இடத்தில் மட்டும், மிதமான அழுத்தத்தில் முப்பது நாற்பது முறை முன்னும் பின்னும், பிறகு குறுக்காகவும் தேயுங்கள். துடைத்துவிட்டு டார்ச்சில் பாருங்கள். பாதி போயிருந்தால் இன்னொரு சுற்று. மூன்று சுற்றிலும் அசையவில்லையென்றால் நிறுத்துங்கள், அது இரண்டாம் நிலை. முடித்ததும் சீலன்ட் பூச மறக்காதீர்கள். பாலிஷ் போட்ட இடத்தில் பழைய மெழுகு ஒட்டுமொத்தமாகப் போயிருக்கும்.

இரண்டாம் நிலைக்குப் பட்டறைக்குப் போகும்போது, பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். கம்பெனிப் பெயின்ட் மொத்தம் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் காட்டும். ஒரு முறை காம்பவுண்ட் (பூச்சை இழைக்கும் பசை) போட்டு ரப்பிங் செய்தால் சில மைக்ரான் போகும். 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டால் இன்னும் அதிகம் போகும். கிளியர் கோட்டின் மேல்பகுதியில்தான் வெயில் தாங்கும் பொருளின் பலன் அதிகம். அதை இழைத்துத் தள்ளிவிட்டால் இரண்டு வருடத்தில் பானட் உரியத் தொடங்கும். ஆகவே தடம் முழுவதும் மறைய வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு வந்தால் அதோடு நிறுத்தச் சொல்வதே நல்ல யோசனை. அளக்காமல் ரப்பிங் தொடங்குகிறவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

16. "டச்சிங் பண்ண கதவுல மட்டும் சீக்கிரம் தடம் விழுது. ஏன்?"

கம்பெனியில் பூச்சைச் சுமார் 140 டிகிரியில் வேகவைப்பார்கள். பட்டறையில் ஹார்ட்னர் (பூச்சை இறுகவைக்கும் திரவம்) கலந்து, காற்றிலோ 60 டிகிரிச் சூட்டில் இருக்கும் பெயின்ட் அறையிலோ காயவிடுவார்கள். முதல் மாதத்தில் அந்தப் பூச்சு இன்னும் முழுதாக இறுகியிருக்காது, அமிலம் எளிதில் இறங்கும். ஹார்ட்னர் குறைத்துக் கலந்திருந்தால் கடைசிவரை இளக்கமாகவே இருக்கும்.

புதிதாகப் பெயின்ட் அடித்த 30 நாளுக்கு மெழுகோ சீலன்டோ போடாதீர்கள். உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற வழி வேண்டும். அந்த ஒரு மாதம் 3-ஐயும் 4-ஐயும் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பதே ஒரே பாதுகாப்பு.

17. "வௌவால் எச்சமும் இதே மாதிரிதானா?"

வெள்ளைப் பகுதி இருக்காது, ஆனால் பழச்சாறும் சர்க்கரையும் விதையும் சேர்ந்து பசைபோல் ஒட்டும். மென்று துப்பிய சக்கையும் விழும். அதன் கறை பழுப்பாக இறங்கும். எடுக்கும் முறை அதேதான், வெந்நீர் சற்றுக் கூடுதலாக உதவும்.

18. "வேட்டங்குடிக்குப் பறவை பார்க்கப் போனோம். திரும்பி வந்தா காரே வெள்ளையா இருக்கு, நாத்தம் வேற."

திருப்பத்தூர் பக்கம் இருக்கும் அந்தச் சரணாலயத்துக்குக் குளிர்காலத்தில் வரும் நாரை, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் பெரும்பாலும் மீனும் நத்தையும் தின்பவை. எச்சம் தண்ணீராகவும் அளவில் பெரிதாகவும் இருக்கும். மேலே ஊற்றிய மாதிரி வழிந்து கதவு இடுக்கிலும் பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் சல்லடையிலும் இறங்கும். மேலாகக் கழுவிவிட்டால் போதாது. கதவைத் திறந்து ரப்பர் ஓரங்களையும் அந்தச் சல்லடையையும் கழுவுங்கள். நாற்றம் ஏசி வழியாக உள்ளே வருவது அங்கிருந்துதான்.

காரைக் கண்மாய்க் கரை மரத்தடியில் விடாமல் தள்ளி விட்டுவிட்டு நடந்து போங்கள். சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. நாம் காரை நூறடி தள்ளி நிறுத்தலாம், ஆரன் அடித்துப் பறவையைக் கிளப்பாமலும் இருக்கலாம்.

19. "இன்சூரன்ஸ்ல, இல்ல வாரன்டியில வாங்க முடியுமா?"

பெரும்பாலும் முடியாது. பெயின்டுக்கான உத்தரவாதம் தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். பறவை எச்சம், மரப்பிசின் போன்ற வெளிக் காரணங்களை விலக்கி எழுதியிருப்பார்கள். கார் கையேட்டிலேயே எச்சத்தை உடனே அகற்றச் சொல்லியிருக்கும். இன்சூரன்ஸ் விபத்துக்கு, மெல்ல மெல்ல வந்த மங்கலை விபத்து என்று காட்ட முடியாது.

20. "குன்றக்குடி பக்கம் வீடு. மயில் வந்து கார் கதவைக் கொத்துது, பானட்ல ஏறி நிக்குது. விரட்ட என்ன வழி?"

பளபளக்கும் கதவில் தன் உருவத்தைப் பார்த்து இன்னொரு மயில் என்று நினைத்துச் சண்டைக்கு வருகிறது. இனப்பெருக்கக் காலத்தில் இது அதிகம். அலகும் கால் முள்ளும் போடும் கோடு எச்சத் தடத்தைவிட ஆழம். சில சமயம் தகடு வரை போகும். உருவம் தெரியாமல் செய்வதுதான் வழி. கதவு மட்டத்துக்கு மங்கலான துணிக்கவர் போடுங்கள். பக்கவாட்டுக் கண்ணாடிகளை உள்ளே மடித்து அதன் மேல் துணிப்பை மாட்டுங்கள். தையல்சிட்டும் தவிட்டுக்குருவியும் கண்ணாடியோடு சண்டை போட்டுக் கதவெல்லாம் எச்சமாக்குவதற்கும் இதே துணிப்பை போதும்.

மயில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கிறது. கல்லெறிவது, பிடிப்பது, மருந்து வைப்பது எல்லாம் குற்றம். தகடு தெரியும் கீறலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சுத்தம் செய்து, பிரைமரும் டச்-அப் பெயின்டும் மெல்லிய தூரிகையால் அன்றைக்கே வைத்துவிட்டால் துரு பிடிக்காது.

21. "அப்பச்சி காலத்து அம்பாசடர் இருக்கு. அதுக்கும் இதெல்லாம் பொருந்துமா?"

எடுக்கும் முறை பொருந்தும், பாலிஷ் முறை மாறும். பழைய அம்பாசடர், பத்மினி வண்டிகளில் பலவற்றில் கிளியர் கோட் கிடையாது. நிறமே கடைசிப் பூச்சு. சோதிக்க, டிக்கி மூடியின் உள் ஓரத்தில், வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் எடுத்துத் தேயுங்கள். துணியில் காரின் நிறம் ஒட்டினால் அது ஒற்றைப் பூச்சு. வெள்ளை நிற வண்டியென்றால் அடர் நிறத் துணியில் பாருங்கள்.

இந்தப் பெயின்டில் எச்சம் நேராக நிறத்தைத் தாக்கும், நடுவில் காவலே இல்லை. தடம் வெளிறிய திட்டாகத் தெரியும். ஃபைன் பாலிஷால் கையாலேயே வெளிறிய மேல்தோலை எடுத்தால் அடியில் பழைய நிறம் வரும். ஒவ்வொரு முறையும் நிறமே குறைகிறது என்பதால், பானட் விளிம்பிலும் மடிப்புக் கோட்டிலும் கை வைக்காதீர்கள். அங்கேதான் பூச்சு மெலிந்து முதலில் பிரைமர் தெரியும். முடித்த பிறகு கார்னாபா மெழுகு (ஒரு வகைப் பனை இலையிலிருந்து எடுப்பது) இரண்டு கை, ஒன்று காய்ந்து துடைத்தபின் மற்றொன்று. இந்த வண்டிகளுக்குச் சீலன்டைவிட மெழுகு நன்றாக ஒத்துப்போகிறது; அந்தப் பழைய கறுப்புக்கும் கருநீலத்துக்கும் ஓர் ஆழமும் கிடைக்கும். மாதம் ஒரு முறை போட்டுவாருங்கள்.